ஒளிக்கும் முன் காட்டுக்காரரைக் கேளுங்கள்

ஜியோகேச்சிங் என்பது, ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை அவர் அறிவித்த ஜிபிஎஸ் குறியீட்டைக் கொண்டு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலி அடர்ந்து நிற்பதால் ஒளிக்கத் தோதான இடமென்று தோன்றும். ஆயினும் அவை மாடுகள் மேயும் தனியார் நிலங்கள் என்பதால், காட்டுக்காரரிடம், அதாவது நிலத்தின் உரிமையாளரிடம், நேரில் அனுமதி பெற்ற பின்பே பெட்டியை வைக்க வேண்டும், இல்லையேல் தேடி வருபவர்கள் வேலியை விலக்கிய சந்தில் கன்றுகள் வெளியேறிவிடும். அவருடைய வெளிப்படையான அனுமதியின்றி மண்ணைத் தோண்டிப் புதைப்பது விதிக்குப் புறம்பானது. அருகிலுள்ள வேறொரு பெட்டியிலிருந்து 161 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். கொடுமணல் போன்ற அகழாய்வுத் தலங்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பாறைகள் நிறைந்த இடமானால், பெட்டியே இல்லாமல் நிலவமைப்பைப் பார்த்து விடை சொல்லும் எர்த்கேச் வகை பொருந்தும்.

பெட்டியைக் கண்ணால் கண்டாலே கண்டுபிடித்ததாகப் பதிந்துகொள்ளலாம் என்று வாதிடுவோர் உண்டு. உள்ளிருக்கும் தாளில் பெயரெழுதினால்தான் கணக்கு என்னும் விதியே எனக்கு நியாயமாகப் படுகிறது. ஆகவே பேனா எடுத்துச் செல்லுங்கள். ஐப்பசி மழையில் தாள் நனைந்திருந்தால், படமெடுத்துப் பெட்டி வைத்தவருக்கு உடனே தெரிவியுங்கள்.