பாஸ்புக்கில் வந்த எழுத்துக்கு அர்த்தம் கண்டுபிடிப்பது எப்படி

வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தெருவில் யாருக்காவது பாஸ்புக்கில் புரியாத எழுத்து விழுந்தால், "அக்கா, இது எதுக்குப் பிடிச்சிருக்காங்கன்னு பாருங்க" என்று கொண்டுவருவார்கள். அவர்கள் காட்டும் எழுத்தை நான் உடனே படிக்க மாட்டேன். பணம் வந்ததா போனதா, எவ்வளவு, எந்தத் தேதி என்று முதலில் பார்ப்பேன். இந்த வரிசையை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் தப்பான இடத்துக்குப் போய்விடுவோம். டி.டி.எஸ். என்ற மூன்று எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சீட்டில் அது மாத்திரையை மூன்று வேளை போடச் சொல்கிறது. தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் மாட்ட வருபவர் சொன்னால், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு. பாஸ்புக்கில் வந்தால் வட்டியிலிருந்து பிடித்த வருமான வரி. உங்களுக்கு வைப்புத்தொகை இருந்து, அதற்கு வட்டி போட்ட சமயத்தில், வட்டியில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு போயிருந்தால் வரிதான் என்று உறுதியாகச் சொல்லலாம். வைப்புத்தொகையே இல்லாதவர் கணக்கில் அதே எழுத்து வந்திருந்தால் அப்படியே விட்டுவிடாமல் கிளையில் கேட்க வேண்டும்.

சரி, தொகையிலிருந்து ஆரம்பிப்போம். 295, 590, 236, 17.70 என்று முழுமையில்லாத தொகை போயிருக்கிறதா? கைபேசியில் கால்குலேட்டரைத் திறந்து 1.18ஆல் வகுத்துப் பாருங்கள். 250, 500, 200, 15 என்று முழு எண் வந்தால், அது பெரும்பாலும் வங்கி போட்ட கட்டணம். வங்கிச் சேவைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, கட்டணத்தோடு அதையும் சேர்த்துத்தான் பிடிப்பார்கள். ஏ.டி.எம். அட்டையின் ஆண்டுக் கட்டணம், எஸ்.எம்.எஸ். கட்டணம், கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பியதற்கான அபராதம் எல்லாம் இந்தக் கணக்கில் சிக்கும். கட்டணம் என்று தெரிந்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் எழுத்து எதற்கான கட்டணம் என்பதை மட்டும் சொன்னால் போதும்.

இந்த மாதிரி எழுத்துகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் கோத்தது: பணம் அனுப்பும் முறைகளான நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ்., ஐ.எம்.பி.எஸ். மாதிரி. இன்னொன்று, ஒரே சொல்லிலிருந்து சில எழுத்துகளை எடுத்துவிட்டுச் சுருக்கியது. சி.எச்.ஜி. என்றால் சார்ஜ். சி.எல்.ஜி. என்றால் கிளியரிங், அதாவது காசோலை. டி.ஆர்.எஃப். என்றால் டிரான்ஸ்ஃபர். ஆர்.டி.என். என்றால் ரிட்டர்ன், திரும்பிவிட்டது. இந்த இரண்டாவது வகைக்கு முதலெழுத்து விரிவாக்கம் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. இடையில் விட்டுப்போன ஆங்கில எழுத்துகளைப் போட்டு வாய்விட்டுப் படித்தால் சொல் தானாக வரும்.

முதலெழுத்து வகையிலும் தொகை உதவும். ஆர்.டி.ஜி.எஸ். என்றால் குறைந்தது 2 லட்சம். ஐந்தாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் அப்படி இருப்பதாக யாராவது சொன்னால், எழுத்தை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். மே மாதக் கடைசியில், அல்லது ஜூன் ஆரம்பத்தில், 436 ரூபாயோ 20 ரூபாயோ போயிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் பி.எம்.ஜே.ஜே.பி.ஒய். அல்லது பி.எம்.எஸ்.பி.ஒய். என்று இருக்கும். சில வங்கிகள் இன்னும் வெட்டிச் சுருக்கிப் போடும். இந்த எழுத்துகளை ஆங்கிலச் சொல்லாக விரிக்க முயன்றால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் இவை இந்திப் பெயர்கள்: பிரதான் மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோஜனா, பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. 2015இல் வந்த காப்பீட்டுத் திட்டங்கள். 436 ரூபாய் கட்டியவர் எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாளில் மட்டும் விபத்து மரணத்துக்குத்தான் கிடைக்கும். 20 ரூபாய் கட்டியவர் விபத்தில் இறந்தால் 2 லட்சம். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை. அதனால்தான் தேதியே பாதி விடை சொல்லிவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு தம்பி மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவி கணக்கை மூடுவதற்காகப் பாஸ்புக்கை எடுத்துவந்து, எந்தப் படிவம் என்று கேட்டாள். புரட்டிப் பார்த்தால் மே மாதத்தில் 436. "இது என்னமோ வருஷா வருஷம் பிடிக்கிறாங்க, அவரும் கண்டுக்கலை" என்றாள். இறப்புச் சான்றிதழோடும் அவள் வாரிசாக (நாமினி) பதிந்திருந்ததற்கான ஆதாரத்தோடும் கிளைக்குப் போய் உரிமைகோரல் படிவம் கொடுத்தோம். பணம் வந்தது. அந்தச் சில எழுத்தை யாரும் படிக்காமல் கணக்கை மூடியிருந்தால் இரண்டு குழந்தைகளுக்குச் சேர வேண்டிய பணம் கேட்பாரில்லாமல் போயிருக்கும். வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், அவருடைய எல்லாப் பாஸ்புக்கிலும் மே, ஜூன் மாதப் பதிவுகளைத் தேடிவிட்டுத்தான் கணக்கை மூடுங்கள். இதைத் தயவுசெய்து நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

இதே திட்டத்துக்கு இரண்டு வங்கியில் பிடிக்கிறார்கள் என்றால் ஒன்றை நிறுத்தச் சொல்லிவிடலாம். ஒருவருக்கு ஒரு கணக்கு வழியாகத்தான் காப்பீடு. இரண்டு கணக்கில் கட்டினாலும் 2 லட்சம்தான்.

அடுத்து ஏ.சி.எச்., என்.ஏ.சி.எச். நீங்கள் எப்போதோ கையெழுத்துப் போட்டோ ஓ.டி.பி. சொல்லியோ கொடுத்த அனுமதியின் பேரில் பணம் தானாகப் போவதும், நிறுவனங்கள் அனுப்பும் பணம் வருவதும் இந்த வழியில்தான். கூடவே டி என்ற எழுத்து இருந்தால் போனது, சி என்றால் வந்தது. பங்கு வைத்திருப்பவர்களுக்கு ஈவுத்தொகை சி பதிவாக வரும். டி பதிவு என்றால் கடன் தவணை, காப்பீட்டு பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட் மாதாந்திர முதலீடு என்று ஏதாவது ஒன்று. அந்த எழுத்துக்குப் பின்னால் வரும் நிறுவனத்தின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தாலும் விடாமல் படியுங்கள், விடை அங்கேதான் இருக்கிறது.

தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு ஒரே மாதத்தில் 295 ரூபாய் திரும்பத் திரும்பப் போயிருந்தது. தவணையில் வாங்கிய கைபேசிக்கு 3ஆம் தேதி பணம் எடுக்க வருவார்கள், அவளுக்குக் கூலி வருவதோ 7ஆம் தேதி. பணம் இல்லாமல் தவணை திரும்பியது. கடன் கொடுத்தவர்கள் அதே மாதத்தில் மறுபடி எடுக்கப் பார்த்தார்கள், அதுவும் திரும்பியது. ஒவ்வொரு முறைக்கும் 250 அபராதமும் 45 வரியும். கடன் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டுத் தவணைத் தேதியை 10க்கு மாற்றியதும் நின்றது. எழுத்துக்கு அர்த்தம் தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். அவள் அதுவரை வங்கியில்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

யூ.பி.ஐ. பதிவு நீளமாக இருந்தாலும் எளிது. டி.ஆர். என்றால் போனது, சி.ஆர். என்றால் வந்தது. பிறகு 12 இலக்க எண், எதிராளியின் பெயர், நாலெழுத்தில் அவருடைய வங்கி. அந்த நாலெழுத்து, வங்கிக் கிளையின் அடையாளமான ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணின் முதல் நாலெழுத்தேதான். ஐ.ஓ.பி.ஏ. என்றால் இந்தியன் ஓவர்சீஸ், ஐ.டி.ஐ.பி. என்றால் இந்தியன் வங்கி, டி.எம்.பி.எல். என்றால் தமிழ்நாடு மெர்க்கன்டைல். யூ.டி.ஐ.பி. மட்டும் குழப்பும். அது ஆக்சிஸ் வங்கி. முன்பு அதற்கு யூ.டி.ஐ. வங்கி என்று பெயர், 2007இல் பெயரை மாற்றினார்கள், குறியீடு பழையதே நிற்கிறது. அந்த 12 இலக்க எண்ணைக் கைபேசி செயலியின் வரலாற்றில் ஒப்பிட்டால் எந்தக் கடைக்குக் கொடுத்தது என்று வந்துவிடும்.

இவ்வளவு பார்த்தும் விளங்கவில்லை என்றால், முன் மாதங்களைப் புரட்டுங்கள். அதே தொகை அதே தேதியில் வந்திருந்தால் ஏதோ அனுமதியின் பேரில் நடக்கிறது. முதல் தடவையாக, உங்களுக்குத் தெரியாத பெயரில் பணம் போயிருந்தால் அர்த்தம் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். வங்கியின் உதவி எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணை வங்கி எண் மாதிரி போட்டு வைக்கிறார்கள். ஏ.டி.எம். அட்டையின் பின்புறமோ பாஸ்புக்கின் மேலட்டையிலோ அச்சிட்ட எண் போதும். பேசும்போது பின் எண், ஓ.டி.பி. எதையும் கேட்க மாட்டார்கள். கேட்டால் வைத்துவிடுங்கள்.

கிளைக்குப் போனால், "இது என்ன?" என்று பொதுவாகக் கேட்காமல், வரியில் விரல் வைத்து, "இந்தத் தேதியில் இந்தத் தொகை, யாருக்குப் போனது, எந்த அனுமதியின் பேரில்?" என்று கேளுங்கள். பாஸ்புக்கில் புரியும்படி விவரம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூனில் வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. ஆகவே கேட்பது உங்கள் உரிமை. வாயால் சொல்லும் பதில் திருப்தியாக இல்லை என்றால் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். வழி தெரியவில்லை என்றால் 14448 என்ற எண்ணில் கேட்கலாம். அப்போது அந்த முத்திரை வைத்த நகல் கையில் இருக்க வேண்டும்.