மூன்று குச்சி, ஒரு கேள்வி: வகுப்பில் எல்லாரையும் பேச வைக்க

ஜூனில் எட்டாம் வகுப்பில் குழுப்பேச்சை ஆரம்பித்த முதல் வாரமே பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், வாரச் சந்தையா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆறு பேர் குழுவில் இரண்டு பேர் கத்த, மீதி நாலு பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஓரளவு ஓடுகிறது. குடியாத்தம் பக்கம் நான் செய்கிற முறை இது.

முதலில் கேள்வி. பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் பதில் இருக்கிற கேள்வி வேண்டாம். நான் எடுத்தது: "பாலாறு ஏன் காய்ந்து கிடக்கு?"

அடுத்து, கேட்டுவிட்டு வாயை மூடுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். நாலு வினாடி அமைதியைத் தாங்காமல் நானே பதிலைச் சொல்லிவிடுவேன். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அமெரிக்க வகுப்புகளை டேப்பில் பதிவு செய்து கேட்டபோது, அங்கேயும் ஆசிரியர்கள் ஒரு வினாடிபோலத்தான் பொறுத்திருக்கிறார்கள். அதை 3 வினாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது. டைமர் செயலியெல்லாம் வேண்டாம்; போனை எடுத்தால் பிள்ளைகள் கண் அதில்தான். நான் கரும்பலகையை மெதுவாக ஒருமுறை துடைப்பேன். ஐந்தாறு வினாடி ஓடிவிடும்.

பிறகு ஜோடி. தனியே யோசி, ஜோடியாகப் பேசு, எல்லாருக்கும் சொல் என்பது அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981-ல் சொன்ன வரிசை. நடுவில் இரண்டு ஜோடியை நான் சேர்த்துவிடுவேன். நாலுக்கு மேல் போகாதீர்கள். (2007-ல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோதே பாயில் வட்டமாக உட்கார வைத்தவன்தான் நானும். உட்கார்ந்தால் பேசிவிடுவார்கள் என்று நினைத்தேன்.)

இப்போது குச்சி. ஆளுக்கு மூன்று தீக்குச்சி, மருந்து வைக்காதது. தீப்பெட்டித் தொழில் நடக்கிற நம்மூரில் அதற்கா பஞ்சம்? ஒருமுறை பேசினால் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். தீர்ந்தவன் மற்றவர்கள் முடிக்கும்வரை கேட்க மட்டும்தான். இரண்டாம் நாள், ஆறாம் வகுப்பிலிருந்து என்னிடம் வாயே திறக்காத ஒரு பெண், மூன்று குச்சியும் கையில் வியர்த்துப்போக உட்கார்ந்திருந்தவள், ஒன்றை வைத்தாள். "மழை இல்லேன்னா 2021-ல வெள்ளம் எப்படி வந்துச்சு? அந்தத் தண்ணி எங்க போச்சு?" எதிரே இருந்த பையன், "மணல் இருந்தாத்தான தண்ணி உள்ள நிக்கும்? அதத்தான் லாரில ஏத்திட்டாங்களே" என்றான். நான் நடத்தியிருந்தால் நந்தி மலையில் தொடங்கி மூன்று மாநிலம் சுற்றி வங்கக் கடலில் பாடத்தை முடித்திருப்பேன். மணல் பக்கம் வந்தே இருக்க மாட்டேன்.

கடைசியாக மூன்று வரி எழுத்து, அவரவர் வார்த்தையில். சார்ட் வேண்டாம், அழகாக எழுதுகிற ஒருத்தி தலையிலேயே விழும். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் போதும்.

பின்சேர்க்கை: ஆம்பூர் ஆசிரியர் ஒருவர், ஜோடிப் பேச்சில் பிள்ளைகள் உருதுக்குப் போய்விடுகிறார்களே என்று கேட்டிருந்தார். தடுக்காதீர்கள். என் வகுப்பில் தெலுங்கு ஓடுகிறது. நாலு பேராகச் சேரும்போது தமிழுக்கு வந்தால் போதும்.

இன்னொன்று: பேசப் பிடிக்காதவன் குச்சியை விற்கிறான். என் வகுப்பில் குச்சிக்கு ஒரு கமர்கட் என்று விலையே வந்துவிட்டது. இப்போது குச்சி முனையில் ஆளுக்கொரு ஸ்கெட்ச் கலர் பூசிவிடுகிறேன்.