தாத்தா பாட்டி வரும் வாரக்கடைசியா? பத்துமலைக்கு இப்படிப் போங்கள்

பள்ளி வேலையை வெள்ளி இரவே முடித்துவிடுங்கள், குறைந்தது கணக்கையாவது. "ஞாயிறு ராத்திரி பாத்துக்கலாம்" என்று விட்டால், தாத்தா பாட்டியை பஸ் ஏற்றிவிட்டு வந்தபின் கண் சொருகும். புத்தகம் திறந்தபடியே கிடக்கும்.

கோலாலம்பூர் பக்கத்திலுள்ள பத்துமலை முருகன் குகைக் கோயிலுக்குச் சனிக்கிழமை காலையிலேயே கிளம்புங்கள். கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து கொமுட்டர் (புறநகர்) ரயில் கோயில் பக்கத்திலேயே இறக்கிவிடும். ஆனால் ரயில் அடிக்கடி வராது, நேரத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள்.

குகைக்கு ஏறும் படிகள் 272. முட்டிவலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வில்லங்கம்; உடம்பின் பாரமெல்லாம் முட்டியில் இறங்கும். பாட்டி தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். 42.7 மீட்டர் முருகன் சிலையைக் கீழே நின்றே கும்பிடலாம், கீழேயும் சன்னதிகள் உண்டு. ஏறுபவர்கள் கைப்பிடியை ஒட்டியே, முப்பது படிக்கு ஒருமுறை நின்று ஏறட்டும். கைப்பிடியைப் பிடிக்கக் கை வேண்டும், அதனால் பிளாஸ்டிக் பையைக் கையில் தூக்காதீர்கள். பழம் தெரிந்தால் குரங்கு பையோடு பறித்துவிடும். துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டுங்கள்.

வெயில் ஏறுமுன் இறங்கி, அடிவாரத்திலேயே தோசை. மதியம் அவர்கள் தூங்கும் இரண்டு மணி நேரம் உங்கள் படிப்புக்கு.