உடல் பருமனும் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையும்: எங்கே தவறுகிறோம்?

உடம்பு கனத்த ஒருவர் மலத்தில் ரத்தம் வருகிறது என்று சொன்னால், “உட்கார்ந்தே வேலை பாக்குறீங்க, மூலமாத்தான் இருக்கும்” என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. நாள் கடத்தி நோயை முற்ற வைக்கும் தவறு இது. மூலம் இருப்பவரின் குடலில் கட்டியும் இருக்கலாம். ரத்தப்போக்கு, சில வாரங்களாக மாறிப்போன மலப்பழக்கம், காரணம் பிடிபடாத ரத்தசோகை இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் மலப் பரிசோதனை செய்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்தப் பரிசோதனை அறிகுறியே இல்லாதவர்களுக்கானது. அறிகுறி உள்ளவர் குடல்நோய் மருத்துவரை நேரே பார்க்க வேண்டும்.

இன்னொன்று, தானாக இறங்கும் எடை. பருமனானவர் இளைத்தால் வீடே சந்தோஷப்படுகிறது. சாப்பாட்டைக் குறைக்காமல், நடைப்பயிற்சி எதுவும் தொடங்காமல், 80 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் 4 கிலோ குறைந்திருந்தால் அதற்குக் காரணம் தேடியே ஆக வேண்டும்.

பருமனால் ஆபத்து எவ்வளவு கூடுகிறது? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடல் கொழுப்போடு தொடர்புள்ள 13 புற்றுநோய்களை 2016இல் பட்டியலிட்டது; பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் அதில் உண்டு. சரியான எடை உள்ளவர்களோடு ஒப்பிட்டால், மிகவும் பருமனானவர்களுக்கு ஆபத்து சுமார் 1.3 மடங்கு. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு இன்சுலினைக் கூட்டுகிறது, நாள்பட்ட அழற்சியை உண்டாக்குகிறது. இரண்டும் குடல் செல்கள் பெருகத் தூண்டுகின்றன. ஆனாலும் கூடுதல் ஆபத்து இவ்வளவுதான் என்பதால், ‘குண்டாக இருக்கிறேன், எனக்கு நிச்சயம் வரும்’ என்ற பயத்துக்கும் இடமில்லை. ‘ஒல்லியான உடம்பு, நமக்கு எதற்கு டெஸ்ட்’ என்ற தெம்புக்கும் இடமில்லை. எப்போது தொடங்குவது என்பதை வயதும் குடும்ப வரலாறுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அமெரிக்கப் பரிந்துரை 2021 முதல், எடை எதுவானாலும், 45 வயதில் தொடங்கச் சொல்கிறது. பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்கு 60 வயதுக்கு முன்பே வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பு, இதில் எது முதலில் வருகிறதோ அப்போது தொடங்க வேண்டும். இந்தியாவின் அரசுத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கே பரிசோதனை உண்டு. பெருங்குடல் பரிசோதனையை நாமாகத்தான் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

‘நான் பருமன் இல்லை’ என்ற கணக்கே பலருக்குத் தப்பு. இந்தியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 23இல் கூடுதல் எடையும் 25இல் பருமனும் தொடங்கிவிடுகின்றன. 165 செ.மீ. உயரமுள்ளவர் 69 கிலோ இருந்தாலே பருமன். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. பேன்ட் அளவை வைத்துச் சொல்லாதீர்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின், டேப்பை இறுக்காமல் அளக்க வேண்டும்.

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டறியும், ஃபிட் எனப்படும் மலப் பரிசோதனைக்கு உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை. மாதவிடாய் நாட்களில் மாதிரி எடுக்கக் கூடாது. கழிப்பறைத் தண்ணீர் படக் கூடாது. நம் வெயிலில் மாதிரிக் குழாயை வண்டிக்குள் வைத்துவிட்டால் ரத்தப் புரதம் சிதைந்து, இருக்கும் ரத்தமும் இல்லை என்று வரும். அன்றே லேபில் கொடுத்துவிடுவது நல்லது. பாசிட்டிவ் வந்தால் ‘இன்னொரு தடவை பார்ப்போம்’ என்று ஃபிட்டையே திரும்பச் செய்யக் கூடாது, அடுத்தது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிதான்.

எடை உண்மையில் சிக்கலாவது அங்கேதான். பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்குக் குடல் சரியாகச் சுத்தமாகாமல் போவது அதிகம். மிச்சமிருக்கும் கழிவுக்கு அடியில் சிறு பாலிப் (பின்னாளில் புற்றுநோயாகக்கூடிய சதை வளர்ச்சி) மறைந்துவிடும். குடலைச் சுத்தம் செய்யும் மருந்துக் கரைசல் முழுவதையும் முந்தின இரவே குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது பரவலான தவறு. பாதியை மாலையிலும் மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடிக்கத் தொடங்கி, 2 மணி நேரம் முன்பாக முடித்துவிட வேண்டும். முந்தின நாட்களில் கீரை, கொய்யா, கம்பு, கேழ்வரகு வேண்டாம்; வெள்ளைச் சோறும் இட்லியும் போதும். பீட்ரூட், திராட்சைச் சாறு போன்ற சிவப்பு, ஊதா நிறப் பானங்களையும் தவிர்க்க வேண்டும். கடைசியில் மலம் வெளிர்மஞ்சள் நிறத் தண்ணீராகத் தெளிவாகப் போக வேண்டும். பழுப்பாகவே இருந்தால் கிளம்புமுன் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.

எடை குறைக்க செமாகுளூடைடு ஊசி போடுபவர்கள் அதைச் சொல்லாமல் மறைப்பது ஆபத்து. அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், கொலோனோஸ்கோபிக்குத் தரும் மயக்கத்தில் வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகக்கூடும். டபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையைப் பொதுவாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எதை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். பலமாகக் குறட்டை விடுபவர், தூக்கத்தில் மூச்சு நின்று விழிப்பவர் அதை மயக்க மருத்துவரிடம் முன்னதாகவே சொல்ல வேண்டும்.

அறிக்கையில் ‘பாலிப் இல்லை’ என்ற வரியை மட்டும் படித்துவிட்டு மூடிவைக்காதீர்கள். குடல் சுத்தம் எப்படி இருந்தது, கேமரா பெருங்குடல் தொடங்கும் இடமான சீக்கம் வரை போனதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், சராசரி ஆபத்து உள்ளவருக்கு அடுத்தது 10 ஆண்டுகள் கழித்து. சுத்தம் போதவில்லை என்று எழுதியிருந்தால் ஓராண்டுக்குள் மறுபடி செய்ய வேண்டும். எடை குறைப்பு அறுவை செய்துகொண்டவருக்கும் இதே கணக்குத்தான்.