தவம் பழக ஆசிரியரைத் தேடும்போது

கைபேசியில் ஒலிக்கும் குரலைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்காரும் பழக்கம் பலருக்கு இரண்டு வாரத்திலேயே விட்டுப்போகிறது. சோம்பல் மட்டும் அதற்குக் காரணமன்று. தவறாகச் செய்யும்போது அதைப் பார்த்துச் சொல்ல எதிரில் ஆள் இல்லாததே பெரிய காரணம் என்பது என் எண்ணம். நான் பழகியது வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை; உடற்பயிற்சி, தியானம், தன்னாய்வு மூன்றும் சேர்ந்த முறை அது, அதில் தியானத்தைத் தவம் என்பார்கள். அதை வைத்தே எழுதுகிறேன்.

1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி, இல்லறத்தில் இருந்துகொண்டே பழகத்தக்க முறையாக இதை வகுத்தார். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் அறிவுத்திருக்கோயில் இருக்கிறது என்றாலும், அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை; தமிழ்நாட்டில் பல ஊர்களில் மனவளக்கலை மன்றங்கள் உள்ளன.

சேர்வதற்கு முன் ஒருமுறை நேரில் போய், கட்டணம் எவ்வளவு, வகுப்பு எத்தனை நாள், வகுப்பு முடிந்த பிறகும் வந்து சந்தேகம் கேட்கலாமா என்று விசாரியுங்கள். இவற்றுள் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். நோய் தீரும், செல்வம் சேரும் என்று வாக்குக் கொடுப்பவரையும், மருந்தை நிறுத்தச் சொல்பவரையும் விட்டு விலகிவிடலாம். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் முதலில் தம் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, ஆசிரியரிடமும் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

முதலில் எளியமுறை உடற்பயிற்சி. கை, கால், மூச்சு, கண் என்று தொடங்கி, படுத்துச் செய்யும் மகராசனம், உடலைத் தேய்த்துவிடுதல் ஆகியவற்றின் வழியாக உடல் தளர்த்தலில் முடியும். தியானம் கற்க வந்தவர்களுக்கு இது வீண் வேலையாகத் தோன்றும், எனக்கும் தோன்றியது. இடுப்பும் முட்டியும் வலிக்கும்போது மனம் அந்த வலியைத்தான் தியானிக்கும் என்பது பிறகு புரிந்தது.

அடுத்தது ஆக்கினைத் தீட்சை. ஆசிரியர் புருவ மத்தியை விரலால் மெல்லத் தொட்டுவிட்டு, அங்கே எழும் உணர்வைக் கவனிக்கச் சொல்வார். சிலருக்கு உடனே ஒரு துடிப்போ குறுகுறுப்போ தெரியும். சிலருக்குச் சில நாள் ஆகும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுகிறார் என்பதற்காக நாமும் தலையாட்டினால், ஆசிரியர் திருத்த வேண்டிய இடம் அவருக்குத் தெரியாமல் போய்விடும்.

எனக்கு இரண்டாம் வாரத்தில் நெற்றியில் பாரம் ஏறி, மாலையில் தலைவலி வந்தது. தவம் முன்னேறுகிறது என்றே நினைத்துக்கொண்டு மேலும் முயன்று உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் ஆசிரியரிடம் சொன்னபோது, அவர் விளக்கம் எதுவும் கூறாமல், "உட்காருங்கள் ஐயா, பார்க்கிறேன்" என்று எதிரில் அமர்ந்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "புருவத்தைச் சுருக்கியிருக்கிறீர்கள், மூடிய இமைக்குள் கண்விழி மேலே ஏறி நிற்கிறது. கண்ணால் பார்க்க வேண்டாம், மனம் மட்டும் அங்கே இருக்கட்டும்" என்றார். ஒலிப்பதிவை எத்தனை முறை கேட்டிருந்தாலும் என் புருவத்தை அது பார்த்திருக்காது.

அன்றே அவர் என்னைச் சாந்தி தவத்தில் உட்கார வைத்தார். கவனத்தை முதுகுத்தண்டின் அடியில், மூலாதாரத்தில் நிறுத்துவது அது. நெற்றியில் அழுத்தம் மிகும்போது அதை இறக்கிவிடுவதற்காகவே இம்முறையில் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். மேலேறக் கற்றுக்கொடுத்தவர் இறங்கவும் கற்றுக்கொடுத்தாரா என்று பாருங்கள். துரியம், துரியாதீதம் என்று அடுத்தடுத்த நிலைகள் உண்டு. அவற்றுக்கு அவசரம் வேண்டாம்.

வீட்டில் ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்துக்கொண்டு தினமும் பதினைந்து இருபது நிமிடம் உட்கார்ந்தால் போதும். வாரம் ஒருமுறை மன்றத்துக் கூட்டுத்தவத்துக்குப் போவதை மட்டும் விடாதீர்கள்; நம்மையறியாமல் சேர்ந்துகொண்ட கூனலும் அவசரமும் அங்கேதான் பிடிபடும்.

இந்தப் பழக்கம் அன்றாட வாழ்வுக்குள் இறங்குவது, தன்னைத் தானே ஆராயும் அகத்தாய்வில். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று வரிசையாக வரும் பாடங்களில், சினத்துக்கு ஒரு நோட்டும் பேனாவும் தேவை. யார்மேல், எதற்காகக் கோபம் வருகிறது என்று பட்டியல் எழுதி, ஒவ்வொருவராக எடுத்து, தவத்தின் முடிவில் அவரை நினைத்து 'வாழ்க வளமுடன்' என்று வாழ்த்த வேண்டும். நான் பழைய அலுவலகப் பகை ஒன்றை முதலில் எழுதிக்கொண்டு போனேன். ஆசிரியர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தினமும் பார்க்கிற ஆளாக எழுதுங்கள், சின்னக் கோபமாக இருக்கட்டும்" என்றார். காலையில் குளியலறையை விட்டு வெளியே வராத என் தம்பியின் பெயரை எழுதினேன்.