புயலின் வகையும் பெயரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹரிக்கேன், டைஃபூன், சைக்ளோன் ஆகிய மூன்றையும் வெவ்வேறு வகைப் புயல்களாக எண்ண வேண்டாம். வெப்பமான கடல்நீரிலிருந்து ஆற்றல் பெற்றுச் சுழலும் ஒரே வகைப் புயலைத்தான் கடலுக்குக் கடல் வேறு சொல்லால் அழைக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் கிழக்குப் பசிபிக்கிலிருந்து வந்த டோரா ஹரிக்கேன், 180 பாகை தீர்க்கக்கோட்டைத் தாண்டியதும் டோரா டைஃபூன் ஆனது.

அடுத்தது, காற்றின் வேகத்தை வைத்துப் புயலுக்குத் தரும் வகை எண்களை அப்படியே ஒப்பிடுவது. பெரும்பாலான குழப்பங்கள் இங்குதான் பிறக்கின்றன. அமெரிக்காவின் சாஃபிர்-சிம்சன் அளவுகோலில் மூன்றாம் வகை என்றால் மணிக்கு 178 முதல் 208 கி.மீ. வரை. ஆஸ்திரேலியாவின் மூன்றாம் வகை 118 கி.மீ.யிலேயே தொடங்கிவிடும். அளக்கும் முறையும் வேறு: அமெரிக்க மையங்கள் ஒரு நிமிடச் சராசரியையும், இந்திய வானிலை ஆய்வுத் துறை மூன்று நிமிடச் சராசரியையும், ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் பத்து நிமிடச் சராசரியையும் எடுக்கின்றன. நேரம் நீள நீள, உச்ச வீச்சுகள் சராசரியில் கரைந்துபோகும். அதனால் அதே புயலுக்கு ஒரு நிமிடக் கணக்கு கூடுதலாகவே வரும். இரண்டு செய்திகளில் இரண்டு வேகம் கண்டால், ஒன்று பொய் என்று முடிவுகட்டாமல், அளந்தது யார், எத்தனை நிமிடச் சராசரி என்று பாருங்கள்.

உயிருக்கே ஆபத்தான தவறு, வகை எண் குறைவென்றால் பாதிப்பும் குறைவு என்று நம்புவது. அந்த எண் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்கிறது. மழையோ, காற்று கரைக்குத் தள்ளும் கடல்நீரோ அதில் இல்லை. 2001-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரை மூழ்கடித்த அலிசன் புயல், ஒருபோதும் ஹரிக்கேன் வலிமையை எட்டவில்லை. ஆனாலும் அது செய்த சேதத்துக்காக அந்தப் பெயரையே புயல்களுக்கு வைக்கும் பெயர்களின் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

பெயர் விஷயத்தில் இரண்டைக் கவனித்தால் போதும். காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்துக்குப் பொதுவாகப் பெயர் வைப்பதில்லை. காற்று 34 நாட், அதாவது மணிக்குச் சுமார் 63 கி.மீ. எட்ட வேண்டும். இன்னொன்று, முதலெழுத்தைப் பார்த்து அந்தப் பருவத்தின் எத்தனையாவது புயல் என்று எண்ணுவது. அட்லாண்டிக்கில் அது பலிக்கும். அங்கே ஆண்டுக்கு 21 பெயர்கள் அகர வரிசையில் வரும், ஆறு பட்டியல்கள் சுழலும். வட இந்தியப் பெருங்கடலில் பலிக்காது. அங்கே 13 நாடுகள் தலா 13 பெயர் கொடுத்து, 2020-இல் வெளியான 169 பெயர்கள் நாட்டு வரிசைப்படி வருகின்றன; ஒருமுறை வைத்த பெயரை மறுபடி வைப்பதில்லை.