வெஸ்டாவை அளக்கக் கிளம்புகிறவர்களுக்கு

போன வாரம் காரைக்குடியில் ஒரு கல்லூரி மாணவர் தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். வெஸ்டா சிறுகோளின் விட்டம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்று எழுதியிருந்தார். பல வருஷத்துக்கு முன் நான் எழுதிய அதே தப்பு விடை. பைனாகுலரை ஆடாமல் பிடிப்பது மாதிரியான விஷயங்களை யாரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விட்டுவிட்டு, வழக்கமாக நேரும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

வெளிச்சத்தைப் பார்த்து அளவைச் சொல்வது

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டையில் பெரியது சீரிஸ், விட்டம் சுமார் 940 கி.மீ. வெஸ்டா 525 கி.மீ.தான். ஆனால் நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கே எட்டுவது வெஸ்டா. தன்மேல் விழும் ஒளியில் அது 40 சதவீதம் போலத் திருப்பி அனுப்புகிறது. சீரிஸ் 9 சதவீதம்தான்.

எங்கள் வீட்டு வளவில் ராத்திரி டார்ச் அடித்தால் இது புரிந்துவிடும். வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் கையகலம் தெரிந்தாலும் பளிச்சென்று இருக்கும். பக்கத்திலேயே ஆளுயரத் தேக்குத் தூண் இருட்டோடு இருட்டாக நிற்கும்.

நான் செய்தது இதுதான்: பிரகாசத்தையும் திருப்பி அனுப்பும் சதவீதத்தையும் வைத்து விட்டத்தைக் கணக்கிடும்போது, சீரிஸின் 9 சதவீதத்தை வெஸ்டாவின் கணக்கில் போட்டேன். விட்டம் இரண்டு மடங்குக்கு மேல் போனது. அதை அப்படியே ஃபிளெக்ஸில் அடித்து ஒரு பள்ளிக் கண்காட்சியில் மாட்டினேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பலகையில் இருந்த நிறையை அந்த விட்டத்தின் கன அளவால் வகுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கல்லு தண்ணியில மிதக்குமேப்பா" என்றார். வெஸ்டாவின் உண்மையான அடர்த்தி தண்ணீரைப் போல கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு. அதற்குள் எத்தனையோ பிள்ளைகள் என் எண்ணை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

ஒளி மட்டும் போதாது, வெப்பமும் வேண்டும். வெளுத்த சின்னக் கல் ஒளியைத் திருப்பிவிடும். கருத்த பெரிய கல் அதை வாங்கிச் சூடாகி அகச்சிவப்பில் உமிழும். இரண்டையும் சேர்த்து அளந்தால்தான் வெளுப்பு எவ்வளவு, பருமன் எவ்வளவு என்று பிரியும். வெஸ்டாவுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. 2011-12இல் டான் விண்கலம் அதைச் சுற்றிவந்தே அளந்துவிட்டது. அந்த எண்ணோடு ஒத்துப் பாருங்கள். அப்புறம் அடர்த்தியையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை.

சுழற்சியை இரட்டிப்பது

நீளமான கல் ஒரு சுற்றில் இரண்டு முறை பிரகாசமாகும். அந்தப் பழக்கத்தில் இரண்டு ஏற்றத்தை ஒரு சுற்றாக எண்ணி, வெஸ்டா ஒருமுறை சுழல 10 மணி 40 நிமிடம் என்று எழுதுகிறார்கள். அதன் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட வெளுப்பு, அதனால் சுற்றுக்கு ஒரே ஏற்றம். சரியான விடை 5 மணி 20 நிமிடம்.

உருண்டையாக வரைவது

தென் துருவத்தில் ரியாசில்வியா என்று 500 கி.மீ. அகலப் பள்ளம் இருக்கிறது. அதை விட்டு வரைந்தால் அது வெஸ்டா இல்லை.

ஒரே ராத்திரியில் அடையாளம் சொல்வது

வேண்டாம். வானத்தில் அந்த இடத்தில் தெரியும் புள்ளிகளை வரைந்து வைத்து, நாலு நாள் கழித்து அதே இடத்தை மறுபடி வரையுங்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே எந்தப் புள்ளி நகர்ந்திருக்கிறதோ அதுதான் வெஸ்டா.